வளைந்த விரல்களைப் போற்றினால் மட்டும் போதுமா?

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமியின் பெயரை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பள்ளிகளில் நடக்கும் பேச்சுப் போட்டிகளுக்கு நடுவராகச் செல்லும்போது அவரைப் பற்றிய பேச்சுகளை நானும் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் அவை ஒரே அச்சில் வார்த்தவை. முடக்குவாதத்தால் அவருடைய விரல்கள் வளைந்துபோயின. அந்த விரல்களாலேயே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். இவ்விடத்தில் கைதட்டல் எழும். பேச்சும் அதோடு முடிந்துவிடும்.

சொல்லப்படுவது யாவும் உண்மைதான். ஆயினும் அம்மனிதரின் சாதனையில் பாதிக்கும் குறைவான பகுதியையே நாம் போற்றுகிறோம் என்பது என் கருத்து. அவர் செய்த பெரிய காரியம் அந்த ஒரு லட்சம் அன்று. ஒரு லட்சம் போதாது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்து, அதற்கு மேல் என்ன செய்வது என்று வழி கண்டாரே, அதுதான்.

முதலில் வாழ்க்கை வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 1918ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், எட்டயபுரம் வட்டாரத்தில் உள்ள அயன் வடமலாபுரம் என்னும் சிற்றூரில் ஓர் உழவர் குடும்பத்தில் அவர் பிறந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் படித்தார். 1944இல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, இராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். மகப்பேற்று மருத்துவராக வேண்டும் என்பதே அவருடைய விருப்பம். உறவுப் பெண்கள் சிலர் பேறுகாலத்தில் இறந்ததைச் சிறுவயதில் கண்டவர் அவர். ஆனால் முடக்குவாதம் அவரைப் படுக்கையில் கிடத்தியது; இராணுவத்தை விட்டும் வெளியேற நேர்ந்தது. நெடுநேரம் நின்று பணிபுரிய வேண்டிய மகப்பேற்றுத் துறை இனி ஆகாது என்றாயிற்று. எனவே கண் மருத்துவத்துக்கு வந்தார். 1951இல் அதில் மேற்பட்டம் பெற்றார். தம் விரல்களின் அமைப்புக்கு ஏற்ற கருவிகளைத் தாமே வடிவமைத்துக்கொண்டு, நுண்ணிய கத்தியைப் பிடித்துப் பழகினார்.

1956இல் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் துறைத் தலைவராகவும், எர்ஸ்கின் மருத்துவமனையில் கண் அறுவை மருத்துவராகவும் பொறுப்பேற்றார். இன்று இராஜாஜி மருத்துவமனை என வழங்குவது அதுவே. இங்கே திண்டுக்கல் மாணவர்கள் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். 1985 செப்டம்பர் வரை நம் ஊர் மதுரை மாவட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. வேடசந்தூரிலோ நத்தத்திலோ ஒரு பெரியவருக்குப் பார்வை மங்கினால், 'பெரியாஸ்பத்திரி' என்று அவர் சொல்லியது மதுரையைத்தான். டாக்டர் வெங்கடசாமியின் மேசையில் படுத்து எழுந்தவர்களில் நம் சமவெளிக்காரர்கள் பலர் இருந்திருப்பார்கள். உங்கள் வீட்டிலேயே ஒரு கொள்ளுத் தாத்தா இருந்திருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

அறுபதுகளில் கிராமங்களுக்கே சென்று கண் முகாம்கள் நடத்தத் தொடங்கினார். ஒரே நாளில் நூறு அறுவைகள் வரை செய்யும் வேகம் அவருக்கு வாய்த்தது. 1973இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1976இல், 58 வயதில், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார்.

இப்போது ஒரு கணக்கைப் போடுவோம். அவர் தம் வாழ்நாளில் செய்தவை ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் என வைத்துக்கொள்ளுங்கள். தொண்ணூறுகளில் இந்தியாவில் பார்வையிழந்தோர் ஏறக்குறைய 1.2 கோடி என்று மதிப்பிட்டிருந்தார்கள். ஒரு கோடியே இருபது லட்சத்தை ஒரு லட்சத்தால் வகுத்தால் 120. அதாவது, ஓய்வு ஒழிச்சலின்றி உழைக்கும் 120 வெங்கடசாமிகள் வேண்டும். அதுவும் அவர்களுடைய முழு ஆயுளும் வேண்டும். இதற்கிடையே நாடு சும்மா இருக்குமா? ஒவ்வோர் ஆண்டும் புதிதாக இலட்சக்கணக்கானோருக்குக் கண்புரை முற்றிக்கொண்டே இருக்கும். ஓட்டைத் தொட்டியில் நீர் நிறைக்கும் கணக்கை நீங்கள் கீழ்வகுப்பில் போட்டிருப்பீர்கள். அதே கணக்குத்தான் இது. நிரப்பும் குழாயைவிட ஒழுகும் ஓட்டை பெரிதாயிருந்தால், குழாயைப் பிடித்துக்கொண்டிருப்பவர் எவ்வளவு நல்லவர் என்பது விடையை மாற்றாது.

டாக்டர் வெங்கடசாமி இந்தக் கணக்கை அஞ்சாமல் பார்த்தார். ஓய்வு பெற்ற அதே ஆண்டில் மதுரை அண்ணா நகரில் ஒரு வாடகை வீட்டில் 11 படுக்கைகளோடு மருத்துவமனையைத் தொடங்கினார். தங்கை நாச்சியார், அவருடைய கணவர் நம்பெருமாள்சாமி எனக் குடும்பமே கண் மருத்துவர்களாகச் சேர்ந்து உழைத்தது. அங்கே அவர் எழுப்பிய கேள்வியை நான் இயற்பியல் நடையில் சொல்கிறேன்: இந்த அமைப்பில் எந்த அளவு மிகக் குறைவாக இருக்கிறது? நோயாளிகள் குறைவா? இல்லை. கட்டில் குறைவா? வாங்கிவிடலாம். பணம்? அது கடினந்தான், ஆனாலும் திரட்டலாம். எவ்விதத்திலும் கூட்ட முடியாதது ஒன்றுண்டு: பயிற்சி பெற்ற அறுவை மருத்துவரின் நிமிடங்கள்.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கு. நோயாளியைக் கழுவித் துடைத்து, மருந்திட்டு ஆயத்தம் செய்ய 15 நிமிடம்; அறுவைக்கு 10 நிமிடம்; கட்டுப்போட்டு அனுப்ப 5 நிமிடம். எல்லாவற்றையும் மருத்துவரே செய்தால் மணிக்கு இருவர். முதலையும் கடைசியையும் பிறர் செய்து, மருத்துவர் பத்து நிமிட வேலையை மட்டும் பார்த்தால் மணிக்கு அறுவர். யாரும் அவசரப்படவில்லை, கத்தி வேகமாக ஓடவில்லை, ஆனால் விளைவு மும்மடங்கு! அரவிந்தில் இதைத்தான் செய்தார்கள். ஒரு மருத்துவருக்கு அடுத்தடுத்து இரண்டு மேசைகள். ஒன்றில் அறுவை நடக்கையில் மற்றொன்றில் அடுத்தவர் ஆயத்தமாகக் காத்திருப்பார். மருத்துவர் முடித்துத் திரும்பினால் நுண்ணோக்கியும் அவரோடு திரும்பும். இந்த முறையால் அங்கே ஒரு மருத்துவர் ஆண்டுக்கு 2,000 கண்புரை அறுவைகள் வரை செய்ய முடிந்தது. நாட்டின் பொதுவான சராசரியோ சில நூறுகள்தான்.

இந்த யோசனைக்கு டாக்டர் அடிக்கடி சுட்டிக்காட்டியது அமெரிக்காவின் மெக்டொனால்ட்ஸ் உணவுக் கடைகளை. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். திண்டுக்கல்லில் கூட்டம் நெரியும் ஒரு பிரியாணிக் கடையின் சமையற்கட்டை எட்டிப் பாருங்கள். மாஸ்டர் வெங்காயம் உரிக்கமாட்டார், இலை போடமாட்டார், அடுப்புக்கு விறகு தள்ளவும் மாட்டார். தம் போடும் பக்குவம் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். எனவே அவருடைய நேரம் முழுவதும் அதற்கே செல்லும். சாதாரணமாகத் தோன்றும் இந்தச் சங்கதியை மருத்துவமனைக்குள் கொண்டுவர ஒருவருக்குத் துணிச்சல் வேண்டியிருந்தது.

மருத்துவரின் மற்ற வேலைகளைச் செய்தவர்கள் யார்? பள்ளிப் படிப்பை முடித்த கிராமத்துப் பெண்கள். இரண்டாண்டுப் பயிற்சி கொடுத்து, கண்ணின் அழுத்தம் அளப்பது, கண்ணாடிக்குச் சோதிப்பது, மரத்துப்போகும் ஊசி போடுவது, அறுவையில் உடன் நின்று கருவி எடுத்துக் கொடுப்பது என ஒவ்வொன்றிலும் அவர்களைத் தேர்ச்சி பெறச் செய்தார்கள். பேச்சுப் போட்டிகளில் இவர்களைப் பற்றி ஒரு வரிகூட வருவதில்லை என்பது எனக்குள்ள குறை. ஒரு லட்சம் என்ற எண் ஒருவருடைய பெயரில் நிற்கலாம். அதற்குப்பின் வந்த பல இலட்சங்கள் இப்பெண்களின் கைகள் இல்லாமல் நடந்திருக்கவே முடியாது.

'தொழிற்சாலை போல நடத்தினால் தரம் குறையாதா?' என்று நீங்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். இதற்கு விடை நம்பிக்கையில் இல்லை, அளவையில் இருக்கிறது. அறுவைக்குப்பின் யாருக்குச் சிக்கல் வந்தது, எத்தகைய சிக்கல், எந்த மருத்துவரின் கையில் என்று அங்கே ஒவ்வொன்றையும் பதிந்து வைத்தார்கள். பிரிட்டனில் எடுத்த கணக்கோடு அதை ஒப்பிட்டபோது, பல வகைச் சிக்கல்களில் மதுரையின் வீதம் குறைவாகவே இருந்தது. வியப்பில்லை. ஒரே வேலையை நாள்தோறும் செய்பவரின் கை தேறுகிறது. பிழை நேர்ந்தால் பதிவேடு காட்டிக்கொடுக்கிறது.

இனி என் சொந்தத் துறைக்கு வருகிறேன். கண்புரை அறுவையின் கதையில் ஒரு பாதி ஒளியியல். அதை விட்டுவிட்டு இக்கதையைச் சொல்வது உப்பில்லாச் சோறு.

கண்ணின் வில்லை, அதாவது லென்சு, தெளிந்த புரதங்களால் ஆனது. வயது ஏற ஏற இப்புரதங்கள் திரளத் தொடங்குகின்றன. முட்டையின் வெள்ளைக்கரு வெந்ததும் கண்ணாடித் தன்மை போய் வெளுப்பதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? ஏறக்குறைய அதுபோலத்தான். ஒளி நேரே செல்லாமல் சிதறுகிறது. அதனால்தான் கண்புரை தொடங்கியவருக்கு இரவில் எதிரே வரும் பேருந்தின் விளக்கு பெரும் ஒளிவட்டமாய்க் கூசும். சொட்டு மருந்தோ பத்தியமோ இதைக் கரைக்காது. வெந்த முட்டையைப் பச்சை முட்டையாக்க முடியுமா? மங்கிய வில்லையை எடுத்துவிடுவதொன்றே வழி.

எடுத்துவிட்டால் பார்ப்பது எப்படி? இங்கே ஓர் உண்மை தெரியவேண்டும். கண்ணில் ஒளியைப் பெரிதும் வளைப்பது உள்ளிருக்கும் வில்லை அன்று, முன்புறமுள்ள கருவிழிப்படலமே. அதன் திறன் ஏறக்குறைய 43 டையாப்டர். வில்லையின் பங்கு 20 டையாப்டருக்குச் சற்றுக் குறைவு. ஐயமிருந்தால் கிணற்றில் குதித்து நீருக்குள் கண்ணைத் திறந்து பாருங்கள். வில்லை நலமாக இருந்தும் எல்லாம் கலங்கித் தெரியும். நீரின் ஒளிவிலகல் எண் கருவிழிப்படலத்தின் எண்ணுக்கு நெருக்கமாக இருப்பதால் அதன் திறன் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது.

வில்லையை எடுத்தபின் குறையும் திறனை ஈடுசெய்ய, அந்நாளில் ஒரு தடித்த குவிவில்லைக் கண்ணாடியைக் கொடுத்தார்கள். அதன் திறன் சுமார் 10 டையாப்டர். குவியத்தூரம் 10 செ.மீ. உள்ளே போனது 20, வெளியே வைப்பது 10 தானா என்று கேட்பவர் கெட்டிக்காரர். வில்லை விழித்திரையிலிருந்து தள்ளிப் போகப் போகக் குறைந்த திறனே போதும். குவிவில்லையையும் வெள்ளைத் தாளையும் வைத்து நீங்களே சோதிக்கலாம். இதுதான் நம் பெரியவர்கள் போட்டிருந்த சோடாபுட்டிக் கண்ணாடி. (கிட்டப்பார்வைக்காரரின் தடித்த கண்ணாடியையும் அப்பெயரால் கேலி செய்வார்கள். அது குழிவில்லை. கண்ணாடிக்குள் அணிந்தவரின் கண் பெரிதாகத் தெரிந்தால் குவிவில்லை, சிறுத்துத் தெரிந்தால் குழிவில்லை. கேலி செய்யாமல் கவனியுங்கள்!)

அந்தக் கண்ணாடி போட்டவரின் பாட்டை இயற்பியல் தெரிந்தவரே முழுமையாக உணர முடியும். கண்ணுக்கு வெளியே தள்ளி நிற்பதால் பிம்பம் கால்பங்கு பெரிதாகிறது. ஐந்தடி தூரத்துப் படி நாலடியில் இருப்பதாய்த் தோன்றும். கால் வெறும் காற்றில் இறங்கும். ஒரு கண்ணுக்கு மட்டும் அறுவை நடந்திருந்தால் இரு கண்களின் பிம்பங்களும் இரண்டு அளவு. மூளையால் ஒன்றாக்க முடியாது. கண்ணாடியின் விளிம்போ முப்பட்டகம்போல் ஒளியை மடக்குவதால், பார்வைப் புலத்தில் வளையம்போல ஒரு பகுதி அடியோடு மறைந்துபோகும். பக்கத்திலிருந்து வரும் மாட்டுவண்டி தெரியும், மறையும், திடீரென எதிரே முளைக்கும். இத்தனைக்கும் மேலே, அந்தக் கண்ணாடி வரப்பில் விழுந்து உடைந்தால்? மறுபடியும் குருடு. அறுவை வெற்றி; நோயாளிக்குப் பார்வை இல்லை. இப்படி வாழ்ந்தவர்கள் நம் கிராமங்களில் கொஞ்சமல்லர்.

தீர்வு வில்லையைக் கண்ணுக்குள்ளேயே வைப்பது. இரண்டாம் உலகப்போரில் விமானங்களின் மேற்கூரை அக்ரிலிக் என்னும் நெகிழியால் செய்யப்பட்டிருந்தது. குண்டடிபட்டு அது சிதறியபோது சில்லுகள் விமானிகளின் கண்ணுக்குள் தைத்தன. அவை அங்கேயே கிடந்தும் கண் அவற்றைப் பொறுத்துக்கொள்வதை ஆங்கில மருத்துவர் ஹாரல்டு ரிட்லி கவனித்தார். பின்னர் அவர் செய்த ஓர் அறுவையைப் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவ மாணவர் ஒருவர், 'எடுத்த வில்லைக்குப் பதிலாக வேறொன்றை வைக்க மாட்டீர்களா?' எனக் கேட்டாராம். 1949 நவம்பரில் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ரிட்லி அக்ரிலிக் வில்லையை முதன்முதலாகக் கண்ணில் பொருத்தினார். துறையின் பெரியவர்கள் நெடுங்காலம் அவரை எதிர்த்தார்கள் என்பது வேறு கதை.

ஒரு சிறு கணக்கு, விரும்பியவர்களுக்கு. அக்ரிலிக்கின் ஒளிவிலகல் எண் 1.49; கண்ணிலுள்ள நீர்மத்தின் எண் 1.336. கண்ணுக்குள் 20 டையாப்டர் திறனுடைய வில்லையை வெளியே எடுத்துக் காற்றில் வைத்தால் திறன் என்ன? வில்லை செய்வோர் சூத்திரத்தைப் பயன்படுத்துங்கள். ஏறக்குறைய 64 டையாப்டர் வரும்; குவியத்தூரம் வெறும் 1.6 செ.மீ. இதன் குறுக்களவு 6 மி.மீ. அளவே. இவ்வளவு சிறிய பண்டத்தில் மில்லிமீட்டரில் சிறு பங்கு பிசகினாலும் பார்வை பிசகும். அதைச் செய்யும் தொழிற்கூடம் எத்தகையதாய் இருக்க வேண்டும் என எண்ணிப் பாருங்கள்.

எண்பதுகளில் இவ்வில்லைகள் மேல்நாட்டிலிருந்துதான் வரவேண்டும். ஒன்றின் விலை நூறு டாலர் அளவில் இருந்தது. ஏழை நாடுகளுக்கு இது ஆடம்பரம், தடித்த கண்ணாடியே அவர்களுக்குப் போதும் என்னும் கருத்து அப்போது வல்லுநர்களிடையே வலுவாக இருந்தது. எனக்கு இவ்வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இதுதான். மதுரைக்காரர்கள் அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. அமெரிக்காவின் சேவா அறநிறுவனம் முதலிய நண்பர்களின் துணையோடு 1992இல் ஆரோலேப் என்னும் தொழிற்கூடத்தை மதுரையிலேயே தொடங்கி, பத்து டாலர் அளவில் வில்லையைச் செய்து காட்டினார்கள். விலை பின்னர் மேலும் இறங்கியது. இன்று அவ்வில்லைகள் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் செல்கின்றன. 'ஏழைக்கு இது போதும்' என்று யார் சொன்னாலும், அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு விலைப்பட்டியல் மட்டுமே இருக்கிறதா, அறிவியல் காரணம் ஏதும் இருக்கிறதா என்று நீங்கள் தேடிப் பார்க்க வேண்டும்.

பணம் எங்கிருந்து வந்தது? கொடுக்கக்கூடியவர்களிடம் கட்டணம் வாங்கினார்கள். இல்லாதவர்களுக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த செலவிலோ செய்தார்கள். இருவருக்கும் மருத்துவர்கள் ஒருவரே. கட்டணத்துக்கு ஏற்ப அறையும் படுக்கையும் வேறுபடும்.

என்னைப் போன்ற ஆசிரியர்கள் சிலர், 'இதெல்லாம் நிர்வாகம். அறிவியல் ஆகாது' என்பார்கள். நான் உடன்படவில்லை. புதிய விதியைக் கண்டறிவது மட்டுமே அறிவியல் என்று நம் கல்லூரிகள் மாணவர்களுக்குக் கற்பித்துவிட்டன. சிக்கலைப் பகுதிகளாகப் பிரித்து, எது தடையென அளந்து, ஒன்றை மாற்றி, மறுபடியும் அளந்து பார்ப்பதற்கு வேறென்ன பெயர்? ஆய்வுக்கூடத்தில் நீங்கள் செய்வதும் அதுவே. தியாகி என்று ஒருவரைப் போற்றும்போது, 'நம்மால் ஆகாது' என்று ஒதுங்கிக்கொள்ள நமக்கு வசதியாகிவிடுகிறது. கணக்குப் போட்டார் என்று சொன்னால் அப்படி ஒதுங்க முடியாது. கணக்கு எல்லோருக்கும் வரும்.

ஆனால் இந்த அமைப்பும் ஓரிடத்தில் தடுமாறியது. அதையும் அளந்துதான் கண்டுபிடித்தார்கள். தொண்ணூறுகளில் மதுரையைச் சேர்ந்த ஆய்வாளர்களும் அயல்நாட்டினரும் சேர்ந்து, முகாம் நடக்கும் இடத்துக்குப் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். கண்ணில் குறையிருந்த பெரியவர்களில் முகாமுக்கு வந்தவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய ஏழு பேர்தான்! மருத்துவம் இலவசம், இடம் பக்கம், ஆயினும் 93 பேர் வரவில்லை.

ஏன்? இலவசம் என்பது மருத்துவமனைக் கணக்கில் மட்டுந்தான். நம் சமவெளியில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அப்பத்தாவை அழைத்துப்போக ஒருவர் வேண்டும். மகன் நூற்பாலையில் முறை வேலைக்குப் போகிறவர். மருமகள் பூ எடுக்கப் போகிறவர். ஒருநாள் போனால் ஒருநாள் கூலி போயிற்று. பேருந்துக்குக் காசு, இருவருக்குச் சாப்பாடு. இத்தனையும் கணக்குப் பார்த்துவிட்டு அப்பத்தாவே சொல்லிவிடுவார்: 'வீடு போ போங்குது, காடு வா வாங்குது, இனி எனக்குக் கண்ணெதுக்கு?' அதைத் தாழ்மை என்றும் பற்றின்மை என்றும் நாம் எடுத்துக்கொள்கிறோம். அது பெரும்பாலும் மகனின் கூலியைக் காப்பாற்றச் சொல்லும் சொல்.

இதை உணர்ந்தே பேருந்தும் உணவும் மருத்துவமனையின் செலவாயின. 2004 வாக்கில் சிற்றூர்களில் கண் பார்வை மையங்கள் தொடங்கின. பயிற்சி பெற்ற பெண் ஒருவர் கண்ணைச் சோதிப்பார். நகரிலுள்ள மருத்துவர் இணைய வழியே நோயாளியோடு பேசி முடிவு சொல்வார். தேனிப் பக்கம் இதற்காகப் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தார் நெடுந்தூர வைஃபை இணைப்பை அமைத்துக் கொடுத்தார்கள். இம்மையங்களில் கண்ணாடியும் கிடைக்கும். சின்னாளபட்டியில் நாற்பதைத் தாண்டிய நெசவாளர் ஒருவருக்கு வெள்ளெழுத்து வந்து இழை தெரியாமற்போனால், அவருக்கு வேண்டியது அறுவை அன்று. ஒரு சாதாரணக் குவிவில்லை. இன்று திண்டுக்கல்லிலேயே அரவிந்தின் கண் மருத்துவமனை இருக்கிறது. அரசு மருத்துவமனைகளும் இலவசமாக அறுவை செய்கின்றன. டாக்டர் வெங்கடசாமி 2006 ஜூலையில் மறைந்தார். 2015 முதல் 2019 வரை நடந்த நாடு தழுவிய கணக்கெடுப்பின்படி, 50 வயதுக்கு மேற்பட்டோரின் பார்வையின்மையில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கண்புரையே காரணம். வழி தெரிந்த நோய், வழி தெரிந்த பின்னும் முதலிடத்தில் நிற்கிறது.

அழைத்துப்போவதற்கு ஆள் இல்லை என்பதே தடை என்றால், அந்த ஆள் நீங்களாக இருக்கலாம். சனிக்கிழமையில் உங்களுக்குக் கூலி போவதில்லை. பார்வையற்ற தாத்தாவின் கைக்கோலைப் பிடித்துக்கொண்டு நடந்து பள்ளியை இழந்த பிள்ளைகள் உண்டு. ஒரு நாள் அழைத்துச் செல்வது அதைவிட எளிது.

முதலில் வீட்டிலேயே ஒரு சோதனை. பகல் வெளிச்சத்தில் பெரியவரை உட்காரவைத்து, ஆறு மீட்டர், அதாவது எட்டுத் தப்படி தள்ளி நில்லுங்கள். அவர் கண்ணாடி அணிபவராயின் அணிந்தே இருக்கட்டும். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடச் சொல்லி, நீங்கள் காட்டும் விரல்களை எண்ணச் சொல்லுங்கள். ஐந்து முறை மாற்றி மாற்றிக் காட்டுங்கள். பிறகு மற்றக் கண். இரு கண்ணையும் சேர்த்துச் சோதிப்பது வீண். நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மறைத்துவிடும். எந்தக் கண் தவறினாலும் தேதியோடு ஒரு தாளில் குறித்துக்கொண்டு அவரை அழைத்துச் செல்லுங்கள். அந்தத் தாளையும் எடுத்துப் போங்கள். ஆனால், 'அறுவை செய்தால் எல்லாம் சரியாகிவிடும், அப்பத்தா' என்று முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிட வேண்டாம். கண்ணின் அழுத்தம் மிகுந்து நரம்பு கெடும் நோயும், சர்க்கரையால் விழித்திரை கெடும் நோயும் உண்டு. அவற்றில் போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை, இருப்பதைத்தான் காக்க முடியும். எது என்பதை மருத்துவர் விளக்கைப் பிடித்துப் பார்த்துச் சொல்லட்டும்.